பனிச்சிறுத்தையில் எனக்கொரு பங்கு

காட்டு விலங்கைப் பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு ஊர் உலகமெல்லாம் கொடுக்கும் முதல் அறிவுரை, வாயை மூடிக்கொள் என்பது. புருல்கான் இந்தத் தொழிலுக்கு வந்தபோது எங்கள் பள்ளத்தாக்கு முழுக்கச் சிரித்ததற்குக் காரணம் அதுதான்.

நரின் நகரப் பேருந்து நிலையத்தில், தலைநகர் பிஷ்கெக் போகும் வண்டிக்கு ஆள் கூப்பிட்டுக் கொண்டிருந்தவள் அவள். "பிஷ்கெக், பிஷ்கெக்! ரெண்டே சீட்டு, ஏறினா கிளம்பிரும்!" என்று ஒரு குரல் கொடுத்தால், பிஷ்கெக் போகும் எண்ணமே இல்லாதவர்களும் ஏறி உட்கார்ந்துவிடுவார்கள். உப்பு வாங்க வந்த இடத்தில் அப்படி ஏறிப் போய், அங்கேயே கல்யாணம் முடித்துத் தங்கிவிட்டவர் ஒருவரை எனக்குத் தெரியும். இன்று வரை உப்பு வந்து சேரவில்லை. பிறகு எல்லோரும் கைபேசியிலேயே இருக்கையைப் பிடிக்கத் தொடங்கினார்கள். கைபேசிக்கு யாரும் தொண்டை கிழியக் கத்த வேண்டியதில்லை. புருல்கான் தன் குரலைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஊர் திரும்பினாள்.

ஊரில் இருந்தது கணவன் ஜோல்தோஷ். ஒரு காலத்தில் நல்ல வேட்டைக்காரன். கண்ணில் புரை விழுந்ததும் துப்பாக்கியை விட்டவன். 'விட்டவன்' என்று அவன் சொல்கிறான். கடைசியாக அவன் சுட்டது பக்கத்து வீட்டு யாக் மாட்டை என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். எந்தப் பாறைக்குப் பின்னால் எது படுத்திருக்கும் என்று அவனுக்குத் தெரியும், பார்க்கத்தான் முடியாது. புருல்கானுக்குக் கழுகுக் கண், எங்கே பார்ப்பது என்றுதான் தெரியாது. இரண்டு பேரையும் சேர்த்தால் ஒரு வழிகாட்டி தேறும். பனிச்சிறுத்தையைப் பார்க்க வருகிறேன் என்று முதல் வெளிநாட்டுக்காரர் எங்கள் ஊரில் வந்து இறங்கியபோது, அவரை மலைக்குக் கூட்டிப் போக அந்த இரண்டு அரை ஆட்கள்தான் கிடைத்தார்கள்.

ஆனால் புருல்கான் விஷயத்தைச் சீக்கிரமே பிடித்துக்கொண்டாள். மலையைப் பார்க்கிறவனுக்கு மலைதான் தெரியும் என்பாள் வருகிறவர்களிடம். பனிச்சிறுத்தையைத் தேடுகிறவர்கள் பனிச்சிறுத்தையைத் தேடக் கூடாது. முதலில் கொம்பு வளைந்த மலையாடுகள் எங்கே மேய்கின்றன என்று கண்டுபிடிக்க வேண்டும். குளிர் தொடங்கியதும் அவை சோடி தேடித் தாழ்ந்த சரிவுகளுக்கு இறங்கும். பின்னாலேயே சிறுத்தையும் இறங்கும். விடியும்போதும் வெளிச்சம் சாயும்போதும் போ. காற்று உன் முகத்தில் அடிக்கும் பக்கமாக உட்கார். வாசனைத் தைலத்தை வீட்டிலேயே வைத்துவிடு. பிறகு ஆடுகளின் தலையைப் பார். "பஸ் ஸ்டாண்டுல எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்புச்சுன்னா போலீஸ்காரர் வர்றார்னு அர்த்தம். இங்கயும் அதேதான்."

குரலும் ஓரளவு அடங்கியது. அவள் ரகசியம் பேசினால் இப்போதெல்லாம் அடுத்த சரிவு வரைதான் கேட்கிறது.

தொழிலுக்கு உண்மையான இடைஞ்சல் அவள் குரலிலிருந்து வரவில்லை. ஷிரால்காவிலிருந்து வந்தது.

எங்கள் பழைய வழக்கப்படி, வேட்டையோடு திரும்புகிறவனை வழியில் பார்த்து யார் "ஷிரால்கா" என்று சொன்னாலும் அவனுக்கு ஒரு பங்கு கொடுத்தாக வேண்டும். கொடுக்காதவனுக்கு மலை கதவைச் சாத்திவிடும். வாங்கியவனும் துடைத்துக்கொண்டு போய்விட முடியாது. உள்ளங்கையை விரித்து வேட்டைக்காரனுக்கு ஆசி சொல்ல வேண்டும். இதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சந்தேகம் வந்தது தொலைநோக்கியில்தான். முக்காலி மேல் ஒரு குழாயை வைத்துக்கொண்டு மலையாட்டைப் பார்ப்பது வேட்டையா இல்லையா? ஜோல்தோஷ் ஒரு பகல் முழுக்க யோசித்துவிட்டு, "தேடிப் போறோம், ஒளிஞ்சு உக்காருறோம், கண்டுபிடிக்கிறோம். தோலு மட்டும்தான் உரிக்கல. வேட்டைதான்," என்று தீர்ப்புச் சொன்னான்.

அவ்வளவுதான். நிலக்கரி லாரி ஓட்டுகிறவர் வண்டியை நிறுத்தி "ஷிரால்கா!" என்றார். கால்நடை மருத்துவர் கேட்டார். கணக்கு வாத்தியார் வகுப்பையே கூட்டி வந்து கேட்டார். உலகத்தின் மறுகோடியிலிருந்து வந்த விருந்தாளி தன்னுடைய தொலைநோக்கிக்குத் தானே வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று. போன ஆண்டு வந்த ஒருவர் ஊருக்குத் திரும்பி, சிறுத்தை அருமை, மலை அருமை, ஆனால் கண்ணாடியில் லாரிக்காரர் மூச்சுவிட்டுப் பனி உறைந்துவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னாராம்.

"இனிமே கொடுக்காதேயேன்," என்று ஒரு தோழி சொல்லிப் பார்த்தாள்.

"கொடுக்கலேன்னா மலை சாத்திக்கும்டி."

"அதை நீ நம்புறியா?"

"நம்பல. ஆனா மலை நம்புதோ என்னமோ."

இந்த நிலையில்தான் இலையுதிர் கால முடிவில் சிறுத்தை கெரிம்பாயின் பட்டிக்குள் குதித்தது.

கெரிம்பாய் ஜோல்தோஷின் அண்ணன். பள்ளத்தாக்கின் மேல் முனையில், குளிர்கால வீட்டில் ஆடுகளோடு இருப்பவர். முறை தவறாத மனிதர். விருந்தில் தலைக்கறி யாருக்குப் போக வேண்டும் என்று சண்டை வந்தால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் பட்டிக்குக் கூரை பாதிதான். மீதிப் பாதி வழியாக உள்ளே இறங்கிய சிறுத்தைக்கு வெளியேறும் வழி தெரியாமல் போனதோ, இல்லை ஓடுகிற ஆட்டைக் கண்டதும் புத்தி தடுமாறியதோ, காலையில் கதவைத் திறந்தபோது அதற்குத் தேவையான ஒன்றோடு தேவையில்லாத பலவும் செத்துக் கிடந்தன. கெரிம்பாய் அன்று முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை என்று அவர் மனைவி சொன்னாள். அடுத்து நடந்த ஊர் விருந்தில் பேசினார்.

"பொறி வைக்கப் போறேன். அது நடக்கிற பாறை விளிம்பு எதுன்னு தெரிஞ்சதும் வைப்பேன். யாராவது ஏதாவது சொல்லணுமா?"

யாரும் சொல்லவில்லை. எல்லோரிடமும் ஆடு இருக்கிறது. சட்டம் ஒன்று இருக்கிறது, கடுமையான சட்டம்தான். ஆனால் சட்டம் குடியிருக்கும் ஊருக்கும் எங்கள் ஊருக்கும் நடுவில் இரண்டு கணவாய்கள் உண்டு, குளிர்காலத்தில் இரண்டும் மூடிவிடும்.

புருல்கான் மட்டும் வாயெடுத்தாள். ஜோல்தோஷ் மேசைக்கு அடியில் அவள் காலை மிதித்தான். கணவனின் அண்ணனைச் சபையில் எதிர்த்துப் பேசும் மருமகள் (தம்பி மனைவியும் எங்களுக்கு மருமகள்தான்) எங்கள் பக்கம் இன்னும் பிறக்கவில்லை.

அந்த ஒரு சிறுத்தைதான் எங்கள் பள்ளத்தாக்குக்கு. அடுத்தது கணவாய்க்கு அப்பால், வேறு யாருடைய மலையிலோ. அது போனால் விருந்தாளி வரமாட்டார். விருந்தாளி வராவிட்டால், நரினில் அவளுடைய சித்தி மகள் நடத்தும் உணவுக் கடையில் தட்டுக் கழுவும் வேலை காலியாக வைக்கப்பட்டிருந்தது. ஜோல்தோஷ் கண் தெரியாமல் இங்கே, அவள் கை வெந்நீரில் அங்கே. சித்தி மகள் வாரம் தவறாமல் கூப்பிட்டு, "என்னக்கா, எப்ப வர்ற? இடத்தை யாருக்கும் கொடுக்காம வச்சிருக்கேன்," என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்பும் சில நேரம் இப்படித்தான் கழுத்தில் கை வைக்கும்.

முதல் பனி விழுந்த கையோடு ரெனாட்டா வந்து சேர்ந்தாள். செக் நாட்டுக்காரி. ரயில்வேயில் சிக்னல் அறையில் இருந்து ஓய்வு பெற்றவள். எங்களுக்கும் புரிகிற ரஷ்ய மொழி தெரியும் என்றாள், தெரியவும் தெரிந்தது. ஆனால் சிறு வயதில், பழைய கம்யூனிச ஆட்சியில், பள்ளிக்கூடத்தில் படித்த ரஷ்ய மொழி. அதனால் பார்க்கிறவர்களையெல்லாம் "தோழர்" என்றாள். அவள் சரளமாகச் சொல்லக் கூடிய வாக்கியங்கள், நூலகம் எங்கே இருக்கிறது என்பதும், எங்கள் தொழிற்சாலை திட்டத்தை முடித்துவிட்டது என்பதும்.

"தோழர் புருல்கான், டீ நல்லது. டீ திட்டத்தை முடிச்சிருச்சு," என்பாள் குவளையைக் கவிழ்த்து.

முதல் நாள் மலையாடுகள் கிடைத்தன, தலைகள் பல பக்கம் பார்த்தபடி. அடுத்த நாள் ஒரு நரியும், பாறைக் கோழிகளின் சீழ்க்கையும். ரெனாட்டா முகம் சுளிக்கவில்லை. வராத ரயிலுக்காக உட்கார்ந்தே வயதானவள் அவள்.

மறுநாள் காலை அவர்கள் ஒரு மண்மேட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். வெயில் இன்னும் சரிவின் பாதிக்கு இறங்கவில்லை. ஜோல்தோஷ் வெந்நீர்க் குடுவையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "மேல ரெண்டு பாறை சேருற இடத்துல ஒரு கறுப்புக் கோடு தெரியுதா? அதுக்குக் கீழ பாரு," என்றான். புருல்கான் பார்த்தாள். ஒன்றும் இல்லை. காகங்கள் மட்டும் இரண்டு, எதையோ திட்டிக்கொண்டு வட்டமடித்தன.

ரெனாட்டா தொலைநோக்கியில் கண்ணை வைத்தாள். வெகுநேரம் கழித்து, "தோழர், அங்க ஒரு கல்லு. அந்தக் கல்லுக்கு வால் இருக்கு," என்றாள்.

வால்தான். பாறை விளிம்பில் படுத்து, அந்தத் தடித்த வாலை மூக்கு மேல் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது. புருல்கான் வாயைப் பொத்திக்கொண்டாள், தன் வாயைத்தான். ஜோல்தோஷ் "எங்க, எங்க?" என்று கேட்கவில்லை. கேட்டுப் பயனில்லை என்று தெரிந்தவன், சிரித்துக்கொண்டு மட்டும் இருந்தான்.

அப்போது குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டது. கூடவே ஒவ்வொரு அடிக்கும் சேணப்பையில் இரும்பு குலுங்கும் சத்தம்.

புருல்கான் தொலைநோக்கியை அப்படியே சுழற்றி எதிர்ச் சரிவுக்குத் திருப்பினாள்.

"தோழர், ஏன்?" என்றாள் ரெனாட்டா திகைத்து.

"சும்மா இரு தோழர்."

கெரிம்பாய் வந்து நின்றார். ரோமத் தொப்பியிலும் மீசையிலும் பனி. விருந்தாளிக்கு நெஞ்சில் கை வைத்து வணக்கம் சொன்னார். பிறகு தொலைநோக்கி பார்க்கும் திசையைப் பார்த்தார்.

"என்னம்மா மருமகளே, புல்லு முளைக்கிறதையா பாக்குற? அந்தப் பக்கம் என் செத்துப்போன கழுதையைத் தவிர வேற எதுவும் நடந்து நான் பாத்ததில்லையே."

"விருந்தாளி செடிகொடி பாக்கணும்னாங்க, பைகே." மூத்தவர்களை எங்கள் பெண்கள் அப்படித்தான் அழைப்பார்கள்.

"பனிக்கு அடியில செடி. நல்லது. விருந்தாளி உக்காந்திருக்கிறது இந்தப் பக்கம் பாத்து, குழாய் பாக்குறது அந்தப் பக்கம். வாத்தியாருக்கும் லாரிக்காரனுக்கும் ஊட்டி ஊட்டிக் காட்டுனியே, சொந்த மூத்தாருக்கு மட்டும் செடியா?" அவர் குதிரையிலிருந்து இறங்கினார். வேண்டுமென்றே, கிண்டலாக, தொப்பியைக் கழற்றிக் குனிந்து சொன்னார்: "ஷிரால்கா, மருமகளே!"

காட்டினால் அந்தப் பாறை விளிம்பு அவருக்குத் தெரிந்துவிடும். பொறி பையிலேயே இருக்கிறது. காட்டாவிட்டால், கேட்டவருக்கு இல்லை என்று சொன்ன முதல் ஆள் என்று பேர் எடுக்க வேண்டும். பொய் சொல்லலாம். பேருந்து நிலையத்தில் வண்டி நிறைந்துவிட்டது, இதோ கிளம்புகிறது என்று எத்தனை பொய் சொல்லியிருக்கிறாள். அவள் கணவனைப் பார்த்தாள்.

"கேட்டுட்டாரு," என்றான் ஜோல்தோஷ்.

அவள் தொலைநோக்கியைப் பழைய இடத்துக்குத் திருப்பி, எழுந்து இடம் விட்டாள்.

கெரிம்பாய்க்கு ஒரு கண்ணை மட்டும் மூட வரவில்லை. முதலில் இரண்டையும் மூடிக்கொண்டு பார்த்தார். பிறகு தன் இமைமயிரைப் பார்த்து, "கறுப்பாத்தான் இருக்கு," என்றார். ரெனாட்டா எழுந்து வந்து தன் கையால் அவருடைய இடது கண்ணை மூடிவிட்டாள். எங்கள் ஊரில் அவர் மனைவிகூடச் செய்யத் துணியாத காரியம். அதற்குப் பிறகு அவர் குழாயை விடவில்லை.

கடைசியில், "கொழுத்திருக்கு," என்றார். "என் ஆட்டைத் தின்னு கொழுத்திருக்கு. பாரு, தாடையைக் கல்லுல சொறியிறதை. என்ன திமிரு."

இன்னும் குனிந்து குழாயோடு ஒட்டிக்கொண்டார்.

"எந்திரிச்சிருச்சு."

சரிவின் கீழே மலையாடுகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. வெறும் கண்ணுக்கே தெரிந்தன. கெரிம்பாய் மூச்சைப் பிடித்துக்கொண்டார். அவர் விரல்கள் முக்காலியின் காலை இறுக்கின.

"இல்ல இல்ல, அந்தப் பக்கம் போகாத... காத்து மாறுதுடி, மோப்பம் பிடிச்சிரும். மேல வழியா வா. மேல வழியா! பள்ளத்துல படு. படு. ஆங். அப்படித்தான், என் கண்ணு."

புருல்கானும் ஜோல்தோஷும் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் சிரித்துத் தொலைத்திருப்பார்கள்.

"இப்ப! இப்பப் பாய்! ஐயோ... அவசரப்பட்டியே! இன்னும் ரெண்டு அடி பொறுத்திருந்தா என்ன? மூளை கெட்ட கழுதை!"

ஆடுகள் கற்களை உருட்டிக்கொண்டு பாறை உச்சிக்குச் சிதறின. சிறுத்தை நின்று, ஒன்றும் நடக்காததுபோல் பாதத்தை நக்கிவிட்டு, விளிம்பைச் சுற்றி மறைந்தது. கெரிம்பாய் நிமிர்ந்தார். தோற்றது தானேதான் என்பதுபோல முகம் தொங்கியிருந்தது.

"பைகே," என்றாள் புருல்கான். "ஆசி?"

"என்ன ஆசி?"

"ஷிரால்கா வாங்கினீங்களே."

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. வாங்கியவர் வேட்டைக்காரனின் வேட்டை குறையக் கூடாதென்று வாழ்த்த வேண்டும். வாழ்த்திய வாயோடு அதே வேட்டைக்குப் பொறி வைக்க முடியாது.

"ஏய், இது என்ன பங்கு? கறி எங்க? கொழுப்பு எங்க? கண்ணால பாத்ததுக்கெல்லாம் ஆசி சொல்றது எந்த ஊரு வழக்கம்?"

"கண்ணால பாக்கிறதுக்கு ஷிரால்கா கேக்கிறது எந்த ஊரு வழக்கமோ, அந்த ஊரு வழக்கம்தான்."

"நான் கிண்டலுக்குக் கேட்டேன்!"

"பாத்தது கிண்டலாத் தெரியலயே அண்ணே," என்றான் ஜோல்தோஷ். "எங்களைவிட நீதான் நல்லாச் சாப்பிட்ட."

கெரிம்பாய் குதிரைப் பக்கம் திரும்பினார். போயே இருப்பாரோ என்னவோ. ஆனால் புருல்கான் உள்ளங்கைகளை விரித்து நின்றதைப் பார்த்த ரெனாட்டா, இது ஏதோ வழிபாடு என்று நினைத்து, கையுறையைக் கழற்றிவிட்டுத் தானும் கைகளை விரித்துக்கொண்டு பயபக்தியோடு அவரையே பார்த்தாள். விருந்தாளி. குளிரில் விறைத்த விரல்கள். கை விரித்து நிற்கும் விருந்தாளியை அப்படியே விட்டுவிட்டுக் குதிரை ஏறியவர் என்ற பேரோடு அவர் எந்த விருந்தில் போய்த் தலைக்கறி பிரிப்பார்?

அவர் திரும்பி வந்தார். கைகளை விரித்தார்.

"வழி திறந்திருக்கட்டும். குதிரை இடறாமல் இருக்கட்டும். வீடு நிறையட்டும். உங்க..." அங்கே நின்றார். மலையைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். "உங்க வேட்டை குறையாம இருக்கட்டும்."

ஆசி முடிந்த அடையாளமாக நால்வரும் முகத்தைத் தடவிக்கொண்டார்கள். ரெனாட்டாதான் ரொம்ப அழுத்தித் தடவினாள்.

"சரி," என்றார் கெரிம்பாய், குரல் மாறாமல். "உன் வேட்டைக்கு ஆசி சொல்லியாச்சு. என் ஆட்டுக்கு யாரு சொல்றது? அது மறுபடி வரும். பாத்தேல்ல, ஒரு பாய்ச்சலையே ஒழுங்கா முடிக்கத் தெரியல அதுக்கு. பசிச்சா எங்க வரும்? என் பாதிக் கூரைக்குத்தான் வரும்."

அந்தக் கேள்விக்கு யாரிடமும் வழக்கம் இல்லை. புருல்கான் பனியில் காலைத் தேய்த்துக்கொண்டு நின்றாள். அவர் சொன்னது நியாயம். செத்தவை அவருடைய ஆடுகள்.

"மீதிக் கூரையைப் போட்டுருவோம் பைகே. நாங்களே போடுறோம்."

"யாரு? இவனா? ஆணி எங்க இருக்குன்னு தெரியுமா இவனுக்கு?"

"ஆணியைப் பிடிக்கிறது நான். சுத்தியல் நீ அடி. விரல் என்னுதுதானே போகும்," என்றான் ஜோல்தோஷ்.

அன்று மதியம் புருல்கான் கீழ்த் தெருவில் நின்று ஒரே ஒரு முறை கத்தினாள். பல நாளாக அடக்கி வைத்த குரல். பாப்ளர் மரக் கழி இருக்கிறவர்கள் கழியோடும், கம்பி வலை இருக்கிறவர்கள் வலையோடும், ஒன்றுமில்லாதவர்கள் ஆலோசனையோடும் வந்து சேர்ந்தார்கள். லாரிக்காரர் எல்லாவற்றையும் மேலே ஏற்றிப் போனார். வனவிலங்கு பார்க்க வந்த ரெனாட்டா தன் கடைசிப் பகலைப் பட்டிக் கூரை மேல் கழித்தாள். வலையை எப்படி இழுத்துக் கட்டினால் தொய்யாது என்று அவளுக்கும் வாத்தியாருக்கும் நீண்ட சண்டை நடந்தது. வாத்தியார் சொன்னபடி கட்டிய மூலை தொய்ந்தது. அவள் சொன்னபடி கட்டியதும் தொய்ந்தது. இரண்டையும் கெரிம்பாயின் மனைவி வந்து கட்டிவிட்டுப் போனாள். எதற்காக இவ்வளவு பேர் வந்தார்கள் என்பது எனக்கு இன்றும் முழுக்க விளங்கவில்லை. ஒருவேளை, அன்று விருந்தில் வாயடைத்து உட்கார்ந்திருந்தது யாருக்கும் செரிக்கவில்லையோ என்னவோ. ஆடு அறுத்தார்கள் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

புருல்கான் நரினுக்குக் கூப்பிட்டு, அந்த இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடு என்றாள். சித்தி மகள் அழுதாள். பிறகு, சிறுத்தையைப் பார்க்கத் தன்னையும் ஒரு நாள் கூட்டிப் போவாயா என்று கேட்டாள்.

பொறி கெரிம்பாயின் வீட்டில் இருக்கிறது. தூக்கிப் போடவில்லை, அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. அதன் இரும்புச் சங்கிலியைப் பிரித்துக் கூரை வலையின் ஓரத்தைக் கட்டியிருக்கிறார். பொறிக்குச் சங்கிலி தேவைப்படும் நாள் வந்தால் கூரை போகும், அவருக்கும் அது தெரியும். இதுவரை பட்டிக்குள் எதுவும் குதிக்கவில்லை. குளிர்காலம் இன்னும் மிச்சம் இருக்கிறது.

போன வாரம் புதிய விருந்தாளிகளோடு புருல்கான் விடியற்காலையில் அந்த வழியாகப் போனாள். கெரிம்பாய் வாசலிலேயே மறித்துக்கொண்டார்.

"உள்ள வாங்க. டீ கொதிக்குது."

"பைகே, வெயில் ஏறிட்டா அது நகந்துரும். வர்றப்ப குடிக்கிறோம்."

"எங்க நகரும்? நேத்து சாயங்காலம் தெக்குப் பாறைக்குக் கீழ ஒரு மலையாட்டுக் கெடாவை அடிச்சிருக்கு. இந்தத் தடவை மேல வழியாத்தான் வந்துச்சு. கறி தீர்ற வரைக்கும் அந்த இடத்தை விட்டு அசையாது. பூட்ஸைக் கழட்டிட்டு உள்ள வா."